ஒரு தடவை கேட்டால் போதுமா?

போன வாரம் மன்சூரே அம்மாளை இஸ்திரி போட்ட நீலச் சட்டையோடு கண்ணாடி முன்னால் நிறுத்திவிட்டு வந்தோம். அம்மாள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள். ஒரு காதில் முத்துத் தோடு, இன்னொன்றில் பவளம். எது எடுப்பாக இருக்கிறது என்று பார்க்கிறாளாம். விசாரணைக்குக் கால் மணி நேரம்கூட இல்லை.

"அம்மா, உன் தோட்டை யாரும் பார்க்கப் போறதில்ல. வா சீக்கிரம்!" என்று சமையலறையிலிருந்து கத்தினாள் மகள் நௌஷின்.

"தெரியாத மனுஷங்க முன்னால வெறுங்காதோட உட்காரச் சொல்றியா?"

"சரி, ஏதாவது ஒண்ணைப் போடு. ஆமா, ஒரு வருஷமா இதே நாலு சட்டையைத்தான் மாத்தி மாத்திப் போடறே. மத்ததெல்லாம் என்ன ஆச்சு?"

"இருக்கு, இருக்கு," என்றாள் அம்மாள், முத்தைத் தேர்ந்தெடுத்தபடி.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மன்சூரே அம்மாள் ரஷ்த் நகரத்துப் பெண்கள் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கணவர் இல்லை. மகள் விண்ணப்பித்ததில் கனடாவில் நிரந்தர வசிப்புரிமை கிடைத்தது. ரிச்மண்ட் ஹில்லில் மகள் வீட்டுக்கு வந்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, அண்ணன் எஸ்கந்தருக்குப் பக்கவாதம் என்று செய்தி வந்தது. ஒரு மாதத்தில் வருகிறேன் என்று போனவள், அவர் கண்ணை மூடும்வரை அங்கேயே இருந்துவிட்டாள். மூடிய பிறகும் பத்து மாதம் இருந்தாள். அதுதான் வினை.

ஐந்து வருடத்தில் இரண்டு வருடமாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். விமான நிலையத்து அதிகாரி கணக்குப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "ஏதாவது காரணம் உண்டா அம்மா?" என்று கேட்டாராம். "ஒண்ணுமில்லை, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று சொல்லி, பையைத் திறந்து ஃபூமன் ஊர் இனிப்பு ரொட்டியை அவரிடம் நீட்டினாளாம் நம் அம்மாள். உரிமை போயிற்று என்று எழுதிக் கொடுத்துவிட்டார் மனிதர். ரொட்டியையும் வாங்கிக்கொள்ளவில்லை.

மிச்சம் இருப்பது மேல்முறையீடு மட்டும்தான். "சட்டப்படி நான் தோற்றவள்தான், மனிதாபிமானத்தோடு கருணை காட்டுங்கள்" என்று கேட்கிற மேல்முறையீடு. இதிலும் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ரஷ்த்தில் பூட்டிய வீடும் அண்ணன் கிடந்த கட்டிலும் காத்திருக்கின்றன.

கருணை கேட்க வேண்டும். பாரசீகம் பேசுகிற எங்கள் ஆட்களுக்கு அது ஒன்றுதான் வராது.

எங்கள் வீட்டுக்கு நீங்கள் வந்து, நான் தேநீர் நீட்டினால், நீங்கள் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நான் மறுபடி நீட்ட வேண்டும். ஐயோ, சிரமப்படாதீங்க என்று நீங்கள் நெளிய வேண்டும். மூன்றாம் தடவை வாங்கிக் குடிக்கலாம், அதற்குள் தேநீர் ஆறிப் போயிருந்தாலும் பரவாயில்லை. முதல் தடவையே கையை நீட்டினால் சாப்பாட்டுக்கு அலைகிறவர் என்று பெயர் வரும். அந்த முதல் 'வேண்டாம்' என்பதை நம்பிக் கோப்பையை உள்ளே எடுத்துப்போன வீட்டுக்காரிக்கு அதைவிடக் கெட்ட பெயர் வரும். தாரோஃப் என்போம் இதை. டாக்ஸிக்காரர்கூடக் கூலி வேண்டாம் என்பார். நம்பி இறங்கிப் போனால் துரத்திக்கொண்டு வருவார்.

வக்கீல் ஒபெங் அம்மையாருக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. கானாவில் பிறந்தவர், பாதிக் கட்சிக்காரர்கள் எங்கள் ஆட்கள். நேற்று மாலையும் தொலைபேசியில் படித்துப் படித்துச் சொன்னார். "அம்மா, இது விருந்து இல்ல. கஷ்டம்னா கஷ்டம்னு சொல்லுங்க. வேணும்னா வேணும்னு சொல்லுங்க."

"உங்க கை வலிக்காம இருக்கட்டும், அப்படியே சொல்றேன்," என்று எங்கள் ஊர் முறையில் நன்றி சொன்னாள் அம்மாள்.

சொன்னாள், சொன்னாள்.

கணினி வழியாகத்தான் விசாரணை. வரவேற்பறை மேஜையில் மருமகன் கம்பீஸ் மடிக்கணினியைத் திறந்து வைத்தான். வீடு வாங்கி விற்கும் தரகன். யங் தெருவில் பஸ் நிறுத்தப் பெஞ்சுகளின் விளம்பரப் படத்தில் பல்லைக் காட்டிச் சிரிப்பவன் இவன்தான். இன்று சிரிப்பு இல்லை.

"அத்தை, இந்தத் தட்டு எதுக்கு?"

மேஜையில் ஆரஞ்சு, ஆப்பிள், தோல் சீவிய வெள்ளரிக்காய், மேலே உப்பு.

"நாலு பேர் வர்றாங்களே மாப்ள."

"அவங்க கம்ப்யூட்டருக்குள்ளதான் வருவாங்க அத்தை!"

"வரட்டுமே. வர்றவங்க முன்னால வெறும் மேஜையா?"

நௌஷின் தலையில் அடித்துக்கொண்டாள். அவளும் சாட்சி சொல்ல வேண்டியவள். அதனால் அம்மா பேசும்போது அவள் காதில் ஒரு சொல்லும் விழக் கூடாது என்பது விதி. பல் மருத்துவமனையில் லீவு சொல்லிவிட்டு வந்தவள், கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்ற காரில் போய் உட்கார்ந்தாள். கம்பீஸ் சாட்சி இல்லை. வாயைத் திறக்காமல் ஓரமாக இருக்கலாம் என்று அனுமதி.

திரையில் நான்கு முகங்கள். நரைத்த தாடியும் பச்சைக் கழுத்துப்பட்டையுமாக நடுவர். அரசுத் தரப்புக்கு ஓர் இளம்பெண். நம்முடைய ஒபெங். நான்காவது மொழிபெயர்ப்பாளர். அவர் வணக்கம் சொன்ன இழுப்பிலேயே எங்கள் நாட்டு ஷிராஸ் நகரத்துக்காரர் என்று தெரிந்துவிட்டது. சொன்னதைச் சொன்னபடியே பெயர்ப்பேன், கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன் என்று அவர் சத்தியம் செய்தார். பாவம், அந்தச் சத்தியம் அவரை என்ன பாடு படுத்தப்போகிறது என்று அப்போது தெரியாது.

"நல்லா இருக்கீங்களா அம்மா?" என்று நடுவர் கேட்டார்.

அம்மாள் வெள்ளரிக்காய்த் தட்டைக் கேமரா பக்கம் நகர்த்தி, "நீங்க எல்லாரும் நல்லா இருந்தா நானும் நல்லா இருப்பேன். எடுத்துக்குங்க," என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் அதையும் பெயர்த்தார். நடுவர் சிரித்தார். கம்பீஸுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசாயிற்று. நல்ல ஆரம்பம் என்று நினைத்தான்.

ஒபெங் கேட்டார்: "உங்க மகள் குடும்பத்தை விட்டுட்டு இந்த நாட்டிலேருந்து போகணும்னா, உங்களுக்குக் கஷ்டமா இருக்குமா?"

"கஷ்டமென்ன அம்மா? போன்னா போறேன். எங்க ஊர்ல நல்ல மழை பெய்யும்."

ஒபெங் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். "உங்க பேத்தி யல்தா? ஸ்கூல்லேருந்து அவளை தினமும் கூட்டிட்டு வர்றது நீங்கதானே? அவளுக்கு நீங்க வேணும் இல்லையா?"

"அவளுக்குத் தங்கமான அப்பா அம்மா இருக்காங்க. கிழவி நான் எதுக்கு?"

ஒபெங் இப்போது கண்ணாடியைக் கழற்றியே விட்டார்.

அடுத்தது அரசுத் தரப்புப் பெண். முறை தெரிந்த பெண்தான், குரலை உயர்த்தவே இல்லை. "உங்க அண்ணனைப் பார்த்துக்க வேற யாரும் இல்லையா?"

இதற்கு உண்மையான பதில் என்னவென்று ரஷ்த்தில் அந்தத் தெருவே சொல்லும். தம்பிகள் இருவர் உண்டு. புத்தாண்டுக்குப் புத்தாண்டு இனிப்புப் பெட்டியோடு வருவார்கள், நாற்காலி நுனியில் அரை மணி நேரம் உட்காருவார்கள், வாசனை தாங்காமல் கிளம்பிவிடுவார்கள். அந்த ஆறடி மனிதரைப் புரட்டிப் போட்டது, துடைத்தது, கரண்டியால் ஊட்டியது எல்லாம் மன்சூரே அம்மாள் ஒருத்தி. இன்றைக்கும் இடது தோளை முழுதாகத் தூக்க முடியாது அவளால்.

"இருக்காங்களே! ரெண்டு தம்பிங்க. வாய்விட்டுக் கேட்டா உயிரைக் கொடுப்பாங்க," என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் கண்ணை மூடினார். அவருக்கும் அப்படி இரண்டு தம்பிகள் இருந்தார்களோ என்னவோ. ஆனால் சத்தியம் சத்தியம்தான். சொன்னபடியே பெயர்த்தார். கம்பீஸ் மேஜைக்காலை உதைத்ததில் ஒரு ஆரஞ்சு உருண்டு கீழே விழுந்தது.

"அப்போ நீங்க இங்கேயே இருந்திருக்கலாம்?"

"இருந்திருக்கலாம்தான்."

"அண்ணன் இறந்த பிறகும் பத்து மாசம் வரலையே. ஏன்?"

அம்மாள் காதிலிருந்த முத்துத் தோட்டைத் திருகினாள். நடுவர் பேனாவை எடுத்தார்.

"கூரை ஒழுகுச்சு," என்றாள் அம்மாள். "சரி பண்ணிட்டு வரலாம்னு இருந்துட்டேன்."

எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. தன் வாயாலேயே தனக்குக் குழி வெட்டி, மண்ணையும் தானே தள்ளிக்கொள்கிற மனுஷியை என்ன செய்வது? அரசுத் தரப்புப் பெண் நன்றி சொல்லி முடித்துக்கொண்டாள். அவள் இனிமேல் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

இடைவேளை.

நௌஷின் காரிலிருந்து ஓடி வந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"எப்படிம்மா போச்சு?"

"ரொம்ப நல்லாப் போச்சு! எவ்வளவு மரியாதைப்பட்ட மனுஷங்க தெரியுமா? அந்தப் பொண்ணு எனக்கு நன்றியெல்லாம் சொன்னா."

நௌஷின் கணவன் பக்கம் திரும்பினாள். கம்பீஸ் கீழே விழுந்த ஆரஞ்சைத் தேடுவதுபோலச் சோபாவுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டான்.

"கம்பீஸ்."

"நான் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"தலையையாவது வெளிய எடு."

எடுத்தான். பெஞ்சில் சிரிக்கிற முகமா அது! ஏலத்தில் வீடு போனவன் முகம். நௌஷினுக்கு வேறு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"அம்மா! மாமாங்களைப் பத்தி என்ன சொல்லித் தொலைச்சே?"

"என் கூடப்பிறந்தவங்களைப் பத்தி வெளியாள் முன்னால நான் என்னடி சொல்லணும்ங்கிறே?"

"நௌஷின், வேண்டாம்! நீ சாட்சி. பேசக் கூடாது," என்று கம்பீஸ் கையை நீட்டித் தடுத்தான்.

பேசவில்லை. ஒரு வெள்ளரித் துண்டை எடுத்து நறுக்கென்று கடித்தாள். அழுகை வந்திருந்தால்கூடத் தேவலை. எரிச்சல்தான் வந்தது. ஒரு வருடமாக வக்கீல் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் அலைந்தவள் அவள். ரஷ்த்து டாக்டர்களிடம் சான்றிதழ் கேட்டுக் கெஞ்சியவள் அவள். அத்தனையையும் ஒரு காலையில் ஒரு தட்டுப் பழத்தோடு தாரை வார்த்துவிட்டாள் அம்மா.

நௌஷின் ஆங்கிலத்திலேயே சாட்சி சொன்னாள். அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பாளர் குரலில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அரசுத் தரப்புப் பெண் கேட்டாள்: "உங்க மாமாவைப் பார்த்துக்க ரெண்டு தம்பிங்க தயாரா இருந்ததா உங்க அம்மா சொன்னாங்க. அப்போ உங்க அம்மா சொன்னது பொய்யா?"

நௌஷின் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மடியில் கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சைத் தாளை எதிர்பார்க்கிற டீச்சர் போல உட்கார்ந்திருந்தாள்.

"பொய் இல்ல. தாரோஃப்."

"அப்படின்னா?"

"அப்படின்னா, அந்த மாமாங்க ஒரு நாள்கூட அவரைப் பார்த்துக்கலை. ஆனா அதை வெளியாள்கிட்ட சொல்றதைவிட எங்க அம்மா நாடு கடந்து போயிடுவா! கஷ்டமான்னு கேட்டா இல்லம்பா. வேணுமான்னு கேட்டா வேண்டாம்பா. நீங்க இன்னிக்கு எங்க அம்மாகிட்ட எல்லாத்தையும் ஒரு தடவைதான் கேட்டிருப்பீங்க. எங்க ஊர்ல ஒரு தடவை கேட்கிறது கேட்கிறதே இல்ல! சும்மா ஒப்புக்குக் கேட்கிறது. நிஜமா வேணும்னு நினைக்கிறவன் திரும்பக் கேட்பான். அவங்க ஆமாங்கிற வரைக்கும் விடமாட்டான்."

பேசி முடிக்கும்போது மூச்சு வாங்கியது அவளுக்கு. மொழிபெயர்ப்பாளர் அம்மாளுக்காக அதைப் பாரசீகத்தில் சொன்னார். அவர் குரலில் ஒரு திருப்தி இருந்ததோ? இருந்தால் தப்பில்லை.

நடுவர் தாடியைத் தடவினார். "மாமா இறந்த பிறகு, அம்மாவை நீங்க வரச் சொல்லலையா?"

"சொன்னேனே. டிக்கெட் போடட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம்... அவங்க இஷ்டம்னு விட்டுட்டேன்."

நடுவர் கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு, அம்மாவிடம் மறுபடி ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டும், இரு தரப்புக்கும் ஆட்சேபம் உண்டா என்றார். இல்லை என்றார்கள். நௌஷின் நகர்ந்து அம்மாளுக்கு இடம் விட்டாள்.

"அம்மா, அந்தப் பத்து மாசம் ஏன் வரலை?"

"சொன்னேனே. கூரை."

"கூரை சரி. வேற என்ன?"

"வேற என்ன... மழைக்காலம். வயசாச்சு. பயணம்னா அலுப்பு."

நடுவர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னுதான் கேட்கிறேன் அம்மா. ஏன் வரலை?"

அம்மாள் திரையைப் பார்க்கவில்லை. ஜன்னலோரத் தட்டில் புத்தாண்டுக்காக முளை விட்டிருந்த கோதுமையைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"கூரை ஒரு வாரத்துல சரியாயிடுச்சு," என்றாள் மெதுவாக. "அண்ணனுக்கு நாற்பதாம் நாள் முடிஞ்ச அன்னிக்கு இவ போன் பண்ணினா. அம்மா, டிக்கெட் போடட்டுமான்னு கேட்டா. உனக்கு எதுக்குச் சிரமம், வேண்டாம்னேன். சரிம்மா, உன் இஷ்டம்னு வெச்சுட்டா."

அம்மாள் மகளிடமிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"பெட்டியைக் கட்டி வாசல்கிட்ட வெச்சிருந்தேன். அடுத்த வாரம் போன் பண்ணினா. யல்தாவுக்குக் காய்ச்சல்னா, வேலை அதிகம்னா. டிக்கெட்டைப் பத்திக் கேட்கலை. அதுக்கு அடுத்த வாரமும் கேட்கலை. சரி, மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லை போலிருக்கு, வீட்டுல இடைஞ்சல் போலிருக்குன்னு இருந்துட்டேன். ஒரு தடவைதான் கேட்டா. இன்னொரு தடவை கேட்பா கேட்பான்னு பார்த்துப் பார்த்து, வசிப்புரிமை அட்டை காலாவதியாகற மாசமும் வந்துடுச்சு. மானத்தை விட்டு, அழையா விருந்தாளியா நானே கிளம்பி வந்தேன்."

மொழிபெயர்ப்பாளர் அதையும் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னார்.

அன்று முழுவதும் அம்மாள் சொன்ன ஒரே உண்மை அதுதான். அரசுத் தரப்புப் பெண் அதை விடவில்லை. "குறிப்புல சேர்க்கணும். அதாவது, அந்தப் பத்து மாசம் திரும்பி வர்றதுக்கு இவங்களுக்குத் தடை எதுவுமே இருக்கலை," என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். ஒபெங் வேகமாகப் பேச ஆரம்பித்தார். குடும்பம் என்றார், பண்பாடு என்றார், குழந்தையின் நலன் என்றார். நடுவர் தலையை ஆட்டினார். தீர்ப்பு எழுத்தில் வரும், சில வாரங்கள் ஆகும் என்றார். அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. திரை கறுப்பாயிற்று.

கம்பீஸ்தான் முதலில் பேசினான். "அத்தை, எனக்கு இஷ்டமில்லைன்னு யார் சொன்னா உங்ககிட்ட?"

"வான்னும் யாரும் திரும்பச் சொல்லலை மாப்ள. அதான்."

அவன் கோட்டை எடுத்துக்கொண்டு, பள்ளியிலிருந்து யல்தாவை அழைத்துவரப் போகிறேன் என்று வெளியே போனான். பள்ளி விட இன்னும் நிறைய நேரம் இருந்தது.

அம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு நடந்தாள். நௌஷின் பின்னாலேயே போனாள். தன்மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்த ஊருக்கு வந்து பதினாறு வருடம். கேட்டால் பதில், பதில் சொன்னால் முடிந்தது என்று எப்போது பழகினாள்? ஒரு முழு மன்றத்துக்கு முன்னால் வகுப்பெடுத்தாளே, அந்தப் பாடத்தை அன்று போனில் எங்கே தொலைத்தாள்?

"அம்மா. நீ இங்கேயே இரும்மா."

"அது இனிமே அந்த மனுஷன் கையில." அம்மாள் குழாயைத் திறந்தாள்.

"நான் அவரைக் கேட்கலை. உன்னைக் கேட்கிறேன். எங்களோட இரு."

"உனக்கு எதுக்குடி சிரமம்."

நௌஷின் எட்டிக் குழாயை மூடினாள். அம்மாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். "சிரமமா இருந்தா இருந்துட்டுப் போகுது. நீ எனக்கு வேணும். இங்கதான் இருக்கணும்."

அம்மாள் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் தோள் கொஞ்சம் தளர்ந்தது.

"சரி," என்றாள். பிறகு சின்னப் பெண் மாதிரிக் கூச்சத்தோடு கேட்டாள்: "கட்டிலுக்கு அடியில பெட்டி இருக்கு. வந்த நாள்லேருந்து பிரிக்கலை. இப்பப் பிரிச்சு வைக்கட்டுமா?"

நௌஷின் கையை விடவில்லை. அம்மாவை அப்படியே அந்தக் கட்டில் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.